கைக்குள் சிப் வைக்கச் சொல்கிறது கம்பெனி, மறுக்கலாமா?

கேள்வி: சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். அடையாள அட்டைக்குப் பதிலாக, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அரிசி அளவில் சிப் பொருத்தப் போகிறார்களாம். 'விருப்பப்பட்டால் மட்டும்' என்று மெயிலில் இருக்கிறது. ஆனால் பொருத்தாதவர்களுக்குப் புதிய புராஜெக்ட் கிடையாது என்று மேனேஜர் வாய்மொழியாகச் சொல்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். மறுத்தால் வேலை போகுமா சார்?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். அவசரப்பட்டு ராஜினாமாவும் செய்யாதீர்கள்.

மனிதர்களுக்குச் சிப் பொருத்துவது பற்றி நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 2006லேயே கட்டாயச் சிப்பைத் தடை செய்து, 10,000 டாலர் வரை அபராதம் வைத்தது. 2017இல் அதே மாநிலத்து நிறுவனம் ஒன்று சுமார் 50 ஊழியர்களுக்குச் சிப் பொருத்தியது, 'விருப்பத்தின் பேரில்' என்று சொல்லித்தான். உங்கள் மெயிலில் அந்தச் சொல் எதற்காக இருக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

தனிச் சட்டம் இல்லாவிட்டாலும் நீங்கள் நிராதரவாக நிற்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கே சம்மதமின்றி நார்கோ சோதனை (மருந்து செலுத்தி உண்மையை வரவழைக்கும் முயற்சி) நடத்தக் கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போலீசுக்கே இல்லாத அதிகாரம் எச்.ஆருக்கு எங்கிருந்து வரும்? 2017 புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதெல்லாம் அரசுக்கு எதிராகத்தானே என்று கம்பெனி வக்கீல் கேட்பார். இத்தகைய உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் கோரலாம் என்ற 2023 கௌஷல் கிஷோர் தீர்ப்புக்குப் பிறகு அந்த வாதத்துக்குப் பழைய பலம் இல்லை.

இந்தச் சிப்பில் ஜிபிஎஸ் கிடையாது, பேட்டரியும் கிடையாது. உங்களைக் கணக்கெடுப்பது கதவிலுள்ள ரீடர். அட்டையிலும் அதே கதைதான், ஆனால் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். மாட்டுக்குக் காது வில்லை போட்ட மாதிரி இது கூடவே வரும்.

2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கட்டம் கட்டமாக அமலுக்கு வருகிறது. சம்மதம் தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது அது. இங்கே திரும்பப் பெற வேண்டுமானால் கையைக் கீற வேண்டும்! வேலை தொடர்பான தேவைக்குச் சம்மதமில்லாமலும் தரவைக் கையாளலாம் என்ற 7ஆம் பிரிவை அவர்கள் காட்டலாம். அது தரவைக் கையாளத்தான் இடம் தருகிறது. ஊசி குத்த அல்ல.

சரி, வேலை போகுமா? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமில்லாமல் நீக்க முடியாது. நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, அதனால் உங்கள் நியமனக் கடிதத்தைப் பாருங்கள். எனக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிவது, வேலையை விட்டு நீக்காமல், புராஜெக்ட் எதுவும் தராமல் பெஞ்சிலேயே உட்கார வைப்பதுதான். அதை நிரூபிக்க எழுத்தில் ஏதாவது வேண்டும்.

அதனால் வியாழக்கிழமையே எச்.ஆருக்கு மெயில் அனுப்புங்கள். சிப் வேண்டாம், அட்டையே போதும் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். பொருத்தாதவர்களுக்குப் புராஜெக்ட் இல்லை என்று மேனேஜர் இன்ன தேதியில் சொன்னார், அது நிறுவனத்தின் முடிவா என்று கேளுங்கள். வேலையை விட்டால் சிப்பை யார் எடுப்பார்கள், யார் செலவில் என்றும் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும், அனுப்பிய மெயிலின் பிரிண்ட் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.