கேம்பர் வேன் கூரையில் சோலார் பேனலையும் அன்டெனாக்களையும் எப்படி ஒழுங்காக வைப்பது?

கேட்டவர் கொழும்பில் ஒரு ஹையேஸ் வேனைத் தங்கிப் பயணம் போகிற மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறார். கூரையில் 100 வாட் பேனல் இரண்டு, 4ஜி அன்டெனா, செய்மதி இணையத்துக்கு ஸ்டார்லிங்க் தட்டு, ஹாம் ரேடியோவுக்கு (பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்புக்கு) ஒரு குச்சி அன்டெனா, காற்று போக ஒரு மின்விசிறி மூடி எல்லாம் வர வேண்டும், எதை எங்கே வைப்பது என்கிறார். நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். இந்த வேலையை என் வேனில் என் கையாலேயே செய்தவன், நண்பர்களுடைய வேன்களுக்கும் செய்து கொடுத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்கா, ஐரோப்பாக்காரர் எழுதிய குறிப்புகளைப் படித்திருப்பீர்கள். பேனலைத் தெற்குப் பக்கம் சாய்க்கச் சொல்வார்கள், உயரமான சாமான்களைப் பேனலுக்கு வடக்கே வைக்கச் சொல்வார்கள். அவர்களுடைய ஊருக்கு அது சரி. கொழும்பு இருப்பது ஏறத்தாழ 7 பாகை வடக்கு அகலாங்கில். ஏப்ரல் 7 வாக்கிலும் செப்டெம்பர் 5 வாக்கிலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள மாதங்களில் அது வடக்குப் பக்கம் போய்விடும். டிசெம்பரில் தெற்கே இறங்கினாலும் நண்பகலில் 60 பாகை உயரத்தில்தான் இருக்கும். அந்த நேரத்தில்கூட தட்டையாகக் கிடக்கும் பேனலுக்கு நேர் வெயிலின் 87 வீதம் கிடைக்கிறது. ஆகவே சாய்க்கும் சட்டத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். மழைத்தண்ணீர் தேங்காமல் வழிய ஒரு பக்கத்தை ஒரு விரல் அளவு உயர்த்தினால் போதும்.

நம் ஊரில் பேனலுக்குக் கேடு செய்பவை நிழலும் சூடும் உப்புக் காற்றும். அதிலும் நிழல்தான் முதல் எதிரி. நல்ல வெயிலில் ஒரு 100 வாட் பேனலை கன்ட்ரோலரோடு (பற்றரிக்குச் சார்ஜ் போவதைக் கட்டுப்படுத்தும் கருவி) இணைத்துவிட்டு, பேனலின் ஒரு செல்லை, அதாவது அதில் தெரியும் கட்டங்களில் ஒன்றை மட்டும் அட்டைத்துண்டால் முழுக்க மூடிப் பாருங்கள். மூடியது முப்பத்தாறில் ஒரு பங்குதான், ஆனால் கன்ட்ரோலர் திரையில் 5 அம்பியர் அளவில் இருந்த எண் கிட்டத்தட்ட பூச்சியத்துக்கு இறங்கிவிடும். காரணம் இதுதான். வழக்கமான 36 செல் பேனலில் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இணைந்திருக்கும், மறைந்த பகுதியைச் சுற்றி மின்சாரம் போக வழிவிடும் பைபாஸ் டயோட் இரண்டு இருக்கும். ஒரு செல் மறைந்தால் அது இருக்கும் பாதி முழுவதும் விலகிவிடும். 18 வோல்ட் தந்த பேனல் 9 வோல்ட்தான் தரும். 12 வோல்ட் பற்றரிக்குள் அதைத் தள்ள முடியாது.

இதனால்தான் உங்கள் இரண்டு பேனலையும் தொடராக இணைத்து, பேனலின் வோல்ட்டை பற்றரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எம்பிபிடி (MPPT) கன்ட்ரோலர் போடுங்கள் என்று சொல்கிறேன். நிழல் விழுகிற இடத்தில் சமாந்தரமாகத்தான் இணைக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். ஆனால் சமாந்தரத்தில் ஒரு செல் மறைந்தால் ஒரு முழுப் பேனலும் போகும். தொடரில் அரைப் பேனல்தான் போகும், மிச்சம் 27 வோல்ட் அளவில் வந்துகொண்டிருக்கும், எம்பிபிடி அதை எடுத்துக்கொள்ளும். அப்படி மாற்றத் தெரியாத, விலை குறைந்த பிடபிள்யூஎம் (PWM) கன்ட்ரோலருக்கு இது சரிவராது.

சரி, எது எவ்வளவு தூரத்தில்? நண்பகலுக்கு மூன்று மணி நேரம் முன்னும் பின்னும் கொழும்பில் சூரியனின் உயரத்தைக் கணக்குப் பார்த்தால், டிசெம்பரில் 37 பாகை அளவு, மற்ற மாதங்களில் அதைவிட அதிகம். அப்படியென்றால் எந்தப் பொருளின் நிழலும் அதன் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டாது. வேன் எந்தப் பக்கம் பார்த்து நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால் இந்த இடைவெளியை எல்லாப் பக்கமும் விடுங்கள். மின்விசிறி மூடி திறந்து நிற்கும்போது 25 சென்டிமீட்டர் உயரம் என்றால் பேனல் அதிலிருந்து 38 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும்.

குச்சி அன்டெனாவுக்கு இவ்வளவு பயப்பட வேண்டாம். சூரியன் நம் கண்ணுக்கு அரைப் பாகை அகல வட்டம். அதனால் ஒரு குச்சியின் முழு இருட்டு நிழல் அதன் தடிப்பைப்போல் நூறு மடங்கு தூரம் வரைதான் போகும், அதற்கு அப்பால் வெறும் மங்கல். 4 மில்லிமீட்டர் குச்சி என்றால் 40 சென்டிமீட்டர். அதற்கு வெளியே பேனல் இருந்தால் இழப்பு பெரிதாகத் தெரியாது. ஆனால் 25 மில்லிமீட்டர் குழாயில் அன்டெனாவை ஏற்றினால் இருட்டு நிழல் இரண்டரை மீட்டர் ஓடும், அதாவது கூரை முழுக்க. குழாய் வேண்டுமென்றால் பின்பக்க ஏணியில் கீலோடு பொருத்தி, வேனை நிறுத்திய பிறகு தூக்குகிற மாதிரி வையுங்கள்.

இப்போது என் வரைபடம். பேனல் இரண்டும் முன்பாதியில், நீளவாக்கில் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் மின்விசிறி மூடி. பின்பாதியின் ஒரு மூலையில் ஸ்டார்லிங்க் தட்டு, மற்ற மூலையில் 4ஜி. குச்சி அன்டெனா இரண்டுக்கும் நடுவில், பின்விளிம்பிலிருந்து அரை மீட்டர் உள்ளே. தட்டு சில சென்டிமீட்டர்தான் தடிப்பு, யாருக்கும் நிழல் தராது. ஆனால் அதற்கு வானம் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். அதனால் மின்விசிறி மூடி தட்டுக்கு எதிர்ப்பக்கம் திறக்கும்படி மாட்டுங்கள். இலங்கையில் ஸ்டார்லிங்க் சேவை 2025 ஜூலையில் வந்த பிறகு பலரும் அதை வேனில் வைக்க ஆசைப்படுகிறார்கள், நல்லதுதான். ஆனால் சின்ன மொடல்கூட 25 முதல் 40 வாட் வரை இழுக்கும். 200 வாட் பேனல் கொழும்பு வெயிலில் ஒரு நாளைக்கு 700 வாட் மணி அளவு தரும். தட்டை இரவும் பகலும் ஓடவிட்டால் அந்த வருமானம் முழுவதையும் அதுவே தின்றுவிடும். 4ஜி கிடைக்கிற இடத்தில் அதை அணைத்துவிடுங்கள்.

4ஜிக்கு அன்டெனாவைவிட வயர்தான் முக்கியம். கடையில் கூடவே தரும் மெல்லிய ஆர்ஜி 58 வயர் 1800 மெகாஹேர்ட்ஸில் மூன்று மீட்டருக்குள் பாதிச் சக்தியை விழுங்கிவிடும். ரவுட்டரை அன்டெனாவுக்கு நேர் கீழே, உள்கூரையோடு ஒட்டி வையுங்கள். அங்கிருந்து சாதாரண நெட்வேர்க் வயர் எவ்வளவு தூரமும் போகட்டும்.

ஹாம் குச்சிக்கு 145 மெகாஹேர்ட்ஸில் கால் அலை (அலைநீளத்தில் கால் பங்கு) என்றால் 49 சென்டிமீட்டர். அதற்குக் கீழே சுற்றிலும் அதே அளவு உலோகத் தளம் வேண்டும். தகரக் கூரை என்றால் பிரச்சினை இல்லை, பைபர் கூரை என்றால் உள்ளே ஒரு அலுமினியத் தகடு ஒட்ட வேண்டும். சோலார் கன்ட்ரோலர் ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பும். பேனலின் கூட்டல், கழித்தல் வயர்களை ஒன்றோடொன்று முறுக்கி விடுங்கள், கன்ட்ரோலரின் இரண்டு பக்க வயர்களிலும் இரைச்சலை அடக்கும் பெரைட் வளையம் போடுங்கள், அன்டெனா வயரும் பேனல் வயரும் ஒரே குழாயில் போக விடாதீர்கள். அனுமதிப்பத்திரம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் எடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சூட்டைப் பற்றி. பேனலின் வாட் கணக்கு செல் 25 பாகை செல்சியஸில் இருக்கும்போது அளந்தது. நம் வெயிலில் செல் 60 பாகையைத் தாண்டும். ஒவ்வொரு பாகைக்கும் 0.4 வீதம் குறைந்தால் ஏழில் ஒரு பங்கு போய்விடும். கூரைக்கும் பேனலுக்கும் இடையில் நான்கு விரல் இடைவெளி விட்டால் காற்று ஓடும். கூரையிலேயே ஒட்டும் வளையக்கூடிய பேனலை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

இடைவெளி விட்டால் காற்று தூக்கவும் பார்க்கும். தெற்கு அதிவேகப் பாதையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 47 கிலோ அளவில் காற்று அழுத்தும். முன்விளிம்பில் ஒரு சரிவான தகடு மாட்டுங்கள். ஒட்டுப்பசையை மட்டும் நம்ப வேண்டாம், போல்ட்டும் வேண்டும். கூரையின் இரு ஓரத்திலும் தண்ணீர் வடியும் மடிப்பு இருக்கிற வேன் என்றால் அதில் கவ்வும் ராக் (சாமான் ஏற்றும் சட்டம்) போட்டு அதன்மேல் பேனலைப் பூட்டலாம், ஓட்டை போடுகிற வேலையே மிச்சம். பஞ்சிகாவத்தையில் தேடினால் பழைய ராக் கிடைக்கும். வயர், கிளாண்ட் (வயர் நுழையும் ஓட்டையை இறுக்கி அடைக்கும் பாகம்), பியூஸ் எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கலாம். பாகங்களை வாங்குவதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இந்த மாற்றத்துக்கு அனுமதி வேண்டுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

உப்பு விஷயத்தை வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடலோரமாக வேன் நிறுத்துகிறவர்கள் லேசாக எடுக்கக் கூடாது. சாதாரண இரும்புத் திருகாணி ஒரு மழைக்காலத்துக்குள் துரு வடிக்கத் தொடங்கும். 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்குங்கள், அலுமினியத்தைத் தொடும் இடத்தில் நைலோன் வாசர் போடுங்கள். வெளியே இருக்கும் ஒவ்வொரு அன்டெனா மூட்டையும் தானாக ஒட்டும் ரப்பர் நாடாவால் கீழிருந்து மேலே சுற்றுங்கள், அப்போதுதான் ஓடு வேய்ந்ததுபோல் தண்ணீர் வெளியே வழியும். வினாகிரி வாசம் வருகிற சிலிக்கனை ஓட்டை அடைக்கப் பாவிக்கவே வேண்டாம், அது உலோகத்தை அரிக்கும். பொலியூரித்தேன் சீலண்ட் பாவியுங்கள். வயர் உள்ளே போகும் வாய் பின்பக்கம் பார்த்து இருக்கட்டும், அதற்கு முன் வயரை ஒரு வளைவு தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

கடைசியாக, இடிமின்னல். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி முழங்கும்போது குச்சியைக் கழற்றிவிட்டு அதன் வயரை ரேடியோவிலிருந்தும் எடுத்துவிடுங்கள். மலைநாட்டுத் தோட்டப் பாதைகளில் தாழ்ந்த கிளைகளுக்கும் அதே குச்சிதான் முதலில் மாட்டும், ஆகவே அடியில் ஸ்பிரிங் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கொழும்பில் காகம் எச்சமிடாத பேனல் கிடையாது, அந்தக் கறையும் ஒரு செல்லை மறைக்கப் போதும். காலையில் பேனல் குளிர்ந்திருக்கும்போது ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.