முடியை வெட்டிய பிறகு – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கோவையில் ஒரு பள்ளியில் ஆசிரியை. உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவள். என் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். இரண்டு வருடமாகத் தோளைத் தொடும் அளவுக்கு முடி வளர்த்திருந்தான். வீட்டில் இருக்கும்போது கண்மை இட்டுக்கொள்வான், நகப்பூச்சு போடுவான். கேட்டால் ‘பிடிச்சிருக்கு’ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. போன மாதம் என் கணவர் அவனை வலுக்கட்டாயமாக சலூனுக்கு அழைத்துப்போய் ஒட்ட வெட்டிவிட்டார். நானும் வண்டியில் பின்னால் உட்கார்ந்துதான் போனேன். தடுக்கவில்லை. அன்றிலிருந்து அவன் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

பாலின அடையாளம், பாலின வெளிப்பாடு எல்லாம் சமூகம் உண்டாக்கிய கருத்துகள் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். சமூகம் உண்டாக்கியது என்றால் மாற்றக்கூடியதுதானே? அப்படியானால் இவனையும் மாற்றலாம்தானே? நல்ல மனநல மருத்துவரிடம் காட்டலாமா? இதெல்லாம் மேற்கத்திய மோகம் என்கிறார் கணவர். திருநங்கையாகிவிடுவானோ என்று எனக்குத் தூக்கம் வருவதில்லை. வாசிக்கத் தமிழில் நல்ல புத்தகங்கள் இருந்தால் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு நான்கு நாள் முன்புதான் அம்மாவின் பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அன்றிலிருந்து முடியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் கேள்விகள்.

மேற்கத்திய மோகம் என்பதற்கு இரண்டு வரிக்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. ஆணாகப் பிறந்து ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புகிறவரைப் பெண்பாலில் வைத்துச் சொல், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புகிறவரை ஆண்பாலில் வைத்துச் சொல் என்று நன்னூல் விதி செய்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எந்த மேற்கைப் பார்த்து எழுதினார் என்று உங்கள் கணவரைக் கேளுங்கள்.

மருத்துவர். 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவு, ஒருவரின் பாலின அடையாளத்தையோ பாலின ஈர்ப்பையோ மருத்துவம் என்ற பெயரில் மாற்ற முயல்வதைத் தடை செய்யச் சொன்னது. அதற்கு முன் அவர், தனக்கு இதில் புரியாதது இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, ஓர் உளவியலாளர் முன்னால் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அடுத்த ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் இப்படி மாற்ற முயலும் மருத்துவத்தைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. உலக சுகாதார நிறுவனமும் 2022இல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில், பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்தோடு உள்ளே அறியும் பாலினம் பொருந்தாத நிலையை மனநோய்களின் பகுதியிலிருந்து வெளியே எடுத்துவிட்டது. பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், பேசாமல் இருந்தால் கட்டாயம் மருத்துவரிடம் போங்கள், அந்தச் சோர்வுக்காக. முடிக்காகவும் கண்மைக்காகவும் போகாதீர்கள்.

திருநங்கையாகிவிடுவானோ என்கிறீர்கள். அந்தப் பயிற்சி வகுப்பில் நீங்கள் கவனமாக உட்கார்ந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒருவர் தன்னை ஆண் என்றோ, பெண் என்றோ, இரண்டும் இல்லை என்றோ உள்ளே அறிவது அடையாளம். உடை, முடி, நடை, பேச்சு என்று வெளியே தெரிவது வெளிப்பாடு. யார்மேல் ஆசை வருகிறது என்பது வேறு கணக்கு. முடி வளர்க்கிற பையன் பையனாகவே இருந்துவிடலாம். மீசையும் வேட்டியுமாக நாற்பது வருடம் நடமாடியவர் உள்ளுக்குள் பெண்ணாக இருந்திருக்கலாம். உங்கள் பிள்ளை இதுவரை சொன்னது ‘பிடிச்சிருக்கு’ என்ற ஒரே ஒரு வார்த்தை. அதை வைத்துக்கொண்டு நீங்கள் ஒரு முடிவுக்குப் போய், அங்கிருந்து பயந்து, சலூன்வரை போய்விட்டீர்கள். எந்தப் பக்கமும் அவசரப்படாதீர்கள். அதனால்தான் இந்தப் பதிலில் ‘பிள்ளை’ என்று மட்டும் எழுதுகிறேன். எங்கள் ஊரில் ‘பிள்ளை வந்துச்சா’ என்றுதான் கேட்போம். ஆணா பெண்ணா என்று அந்த வினைச்சொல்லில் தெரியாது.

இனி, சமூகம் உண்டாக்கியது என்ற வார்த்தை. அதைக் கேட்டதும் பொய், கற்பனை, அழித்துவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. தாய்மாமன் மகளும் சித்தி மகளும் அம்மா வழியில் ஒரே தூரத்து ரத்தம். ஒருத்தி கட்டிக்கொள்ளும் முறை, இன்னொருத்தி தங்கை. ரத்தத்தில் இல்லாத அந்தக் கோட்டை நம் ஆட்கள்தான் போட்டார்கள். வடநாட்டில் பெரும்பாலான இடங்களில் இரண்டு பேருமே தங்கைதான். அதற்காக இது வெறும் கற்பனை என்று நீங்கள் சித்தி மகளை உங்கள் தம்பிக்குக் கட்டிவைப்பீர்களா? நினைத்தாலே உடம்பு கூசும். சமூகம் போட்ட கோடு உடம்புவரை இறங்கிவிடும், அவ்வளவு உறுதியானது. ஆனால் அது இடத்துக்கு இடம் வேறு, காலத்துக்குக் காலம் வேறு. மாற்றலாமா என்றால் மாற்றலாம், கோட்டை. கோட்டின் மேல் நிற்கிற பிள்ளையை வெட்டிச் சரிசெய்ய வேண்டும் என்று யாரும் அந்த வகுப்பில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கோடு எப்படி நகர்கிறது என்பதற்கு எங்கள் வீட்டு முடியையே சொல்கிறேன். என் தாத்தா 1930களில் மதுரைக்கு மில் வேலைக்குப் போனவர். போகும்போது குடுமி, இரண்டு காதிலும் சிவப்புக்கல் கடுக்கன். தீபாவளிக்கு வரும்போது கிராப்பு. அவருடைய அப்பா அவரை வாசற்படி ஏற விடவில்லை. ‘குடுமியில்லாதவன் ஆம்பளையாடா’ என்று தெருவே கேட்கக் கத்தினாராம். மூன்று நாள் திண்ணையில்தான் சாப்பாடு. கடுக்கனை அழித்துப் பின்னால் பாட்டிக்கு மூக்குத்தி செய்தார்கள். நான் பார்த்தபோது தாத்தாவின் காதில் வெறும் துளைதான் இருந்தது, ஒரு உளுந்து போகும் அளவுக்கு. அந்தத் துளையில் விரலை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். அதே தாத்தா நான் கல்லூரியில் காது மறையும்படி முடி வளர்த்தபோது என்ன கேட்டார் தெரியுமா? ‘ஆம்பளைப் பய மாதிரியா இருக்கே?’ திண்ணையில் மூன்று நாள் சாப்பிட்டவர் கேட்ட கேள்வி இது. இன்று அதே கேள்வியை உங்கள் கணவர் கேட்கிறார். முடியின் நீளம்தான் நடுவில் தலைகீழாக மாறியிருக்கிறது. கேட்கிறவருக்கு மட்டும் ஒவ்வொரு முறையும், உலகம் தோன்றிய நாள் முதல் இப்படித்தான் என்ற நம்பிக்கை.

அந்தப் படம் இதுதான். எனக்கு மூன்று வயது, பெரியம்மாவின் பிள்ளைக்கு நான்கு. இரண்டு பேருக்கும் இருக்கன்குடி மாரியம்மனுக்கு முடி இறக்க நேர்ந்திருந்தார்கள். அதற்கு முதல் நாள் அருப்புக்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய், இரண்டு பேருக்கும் பட்டுப்பாவாடை கட்டி, குஞ்சம் வைத்துப் பின்னி, தாழம்பூ தைத்து, பின்னால் சடை தெரியும்படி நிலைக்கண்ணாடி வைத்துப் படம் எடுத்தார்கள். உங்கள் பக்கத்திலும் இந்த வழக்கம் இருக்கும். மொட்டை போடுவதற்கு முன் ஆண்பிள்ளையைப் பெண்ணாகச் சிங்காரித்துப் பார்க்காத வீடு எங்கள் ஊரில் குறைவு. ஊரே கூடி ரசித்தது. எடுத்த படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். மாமன் மடியில் உட்காரவைத்து இரண்டு பேருக்கும் காதும் குத்தினார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. நான் படத்தில் வாயைக் கோணி அழுகிறேன். பெரியம்மாவின் பிள்ளை கேமராவைப் பார்க்காமல் கழுத்தைத் திருப்பிக் கண்ணாடியைப் பார்க்கிறது. அதைப் பெரிய அறிகுறி என்று நான் சொல்ல வரவில்லை, நான்கு வயதுப் பிள்ளை எதையும் வேடிக்கை பார்க்கும். ஆனால் பத்து வருடம் கழித்து அதே பிள்ளை அதே கண்ணாடி ஆசையோடு நின்றபோது வீடு வேறு மாதிரி நடந்துகொண்டது.

மாதம் ஒரு முறை பெரியப்பா வேப்பமரத்தடியில் பலகை போட்டு, முடிவெட்டுபவரை வரவழைத்து, மிலிட்டரி கட்டிங் வெட்டச் சொல்வார். வெட்டி முடிந்து அவர் துண்டை உதறி, பெட்டியை மூடிக் கிளம்பிய பிறகும் பலகையிலிருந்து அந்தப் பிள்ளை எழுந்திருக்காது. கீழே கிடக்கும் முடியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நான் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நிற்பேன். குளிக்கக் கூப்பிட எனக்கு வாய் வராது. பதினாறு வயதில் ஒரு விடியற்காலையில் வீட்டைவிட்டுப் போனவர், இருபது வருடம் கழித்து, பெரியம்மா இறந்த செய்தி கேட்டுத்தான் வந்தார். இடுப்புவரை பின்னல், கதர்ச் சேலை. அக்காவாக வந்தார். இதை எழுத அக்காவிடம் அனுமதி கேட்டபோது, ‘நாலு வயசுப் போட்டோவுல இருக்கிறதும் அக்கான்னே எழுது’ என்று சொன்னார். நான்தான் மேலே கொஞ்சம் தடுமாறியிருக்கிறேன்.

பந்தலில் ஆண்கள் கூடிப் பேசினார்கள். மூத்த பிள்ளைதான் கொள்ளி வைக்க வேண்டும், மொட்டை போட்டு வேட்டி கட்டிக்கொண்டால் வைக்கலாம் என்றார்கள். பெற்றவளுக்குச் செய்ய வேண்டும் என்றால் இருபது வருடம் வளர்த்த முடியைக் கொடு என்று கேட்டது சபை. அக்கா ஒன்றும் பேசாமல் தெருவில் நின்றார். நான் ‘அண்ணே’ என்றேன். திரும்பவில்லை. பந்தலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் சேர்த்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு கிழவி, எங்களுக்குத் தூரத்து உறவு, எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்து, ‘தாயி, உன் ஆத்தாளுக்கு அழ வா’ என்று வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டாள். இரண்டு பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். சபை ஒரு மணி நேரமாகப் பேசியது அத்தோடு முடிந்தது. பெரியம்மாவின் இளைய பிள்ளைக்கு மொட்டை போட்டுக் கொள்ளி வைக்கச் செய்தார்கள். நான் அன்று சாயங்காலம் முதல் முறையாக ‘அக்கா’ என்றேன். திரும்பினார்.

அந்தக் கிழவிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. 2014இல் உச்ச நீதிமன்றம், ஒருவரின் பாலினம் எது என்பதை அவரேதான் சொல்ல வேண்டும், அறுவை சிகிச்சை செய்துகொண்டாயா என்று கேட்கக் கூடாது, உடையும் நடத்தையும் கருத்துரிமையைச் சேர்ந்தவை என்று சொல்வதற்குப் பல வருடம் முன்னால் நடந்தது இது. சமூகம் என்பது பந்தலில் பேசிய ஆண்கள் மட்டுமா? அந்த இரண்டு பெண்கள் நகர்ந்து விட்ட இடமும் சமூகம் உண்டாக்கியதுதான்.

இப்போது உங்களிடம் கோபமாகச் சிலது சொல்ல வேண்டும். ‘தடுக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். பதினாறு வயதுப் பிள்ளையை இரண்டு பேர் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப்போய், நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்து, தலையைக் குனிய வைப்பதற்குப் பெயர் தடுக்காமல் இருப்பது இல்லை. நீங்களும் சேர்ந்து செய்தீர்கள். ஆசிரியை நீங்கள். உங்கள் வகுப்பில் ஒரு மாணவிக்கு அவள் வீட்டில் இப்படி நடந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? புத்தகம் கேட்கிறீர்கள், தனியே அனுப்புகிறேன், ஆனால் புத்தகம் வாசித்துப் புரிந்துகொண்ட பிறகு பேசலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்கே போய், செய்தது தப்பு என்று சொல்லுங்கள். ‘ஏன் இப்படி இருக்கே’ என்று தொடர்ந்து கேட்காதீர்கள். பிள்ளைக்குச் சொல்லத் தோன்றும்போது சொல்லும், தோன்றாவிட்டால் விடுங்கள். முடி மாதத்துக்கு அரை அங்குலம்தான் வளரும். மறுபடி தோளைத் தொட இரண்டு வருடமாகும். அதுவரை கத்தரியோடு யாரும் பக்கத்தில் வரக் கூடாது என்று கணவரிடம் சொல்ல வேண்டியது நீங்கள்தான். அவர் கோபப்படுவார். படட்டும். திண்ணையில் தாத்தாவுக்கு மூன்று நாளும் சோறு கொண்டுபோய் வைத்தது அவருடைய அம்மாதான்.

நேற்று இரவு அக்காவுக்குத் தொலைபேசியில் உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், ‘அந்தப் பிள்ளை சாப்பிட்டுச்சான்னு கேளு’ என்றார்.