அப்பா அம்மாவுக்குக் கொல்லையில் சின்ன வீடு: கடலோர அனுமதி

வணக்கம். கலிபோர்னியாவில் கடலோரப் பாறை விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கும் உங்கள் வீட்டின் கொல்லையில், பெற்றோருக்காகத் தனியாக ஒரு சிறு வீடு கட்ட வேண்டும், கட்டட பெர்மிட் மட்டும் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. கடலோர மண்டலத்துக்குள் தனிக் கட்டடம் எழுப்ப, பொதுவாகக் கடலோர மேம்பாட்டு அனுமதியும் வேண்டும். சிறு வீடுகளுக்கு மாநிலச் சட்டம் தரும் சலுகைகள் 1976 கடலோரச் சட்டத்தை ரத்து செய்துவிடவில்லை.

முதலில் நகரத் திட்ட அலுவலகத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்: உங்கள் ஊருக்குச் சான்றளிக்கப்பட்ட உள்ளூர் கடலோரத் திட்டம் (கடலோர நிலத்தில் என்ன கட்டலாம் என்று ஊரே வகுத்து, மாநிலக் கடலோர ஆணையம் ஏற்ற விதிகள்) இருக்கிறதா? இருந்தால் பெரும்பாலும் நகரமே அனுமதி தரும். இல்லாவிட்டால் நேராக அந்த ஆணையத்திடம் போக வேண்டியிருக்கும். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்தில் உண்மையான சிக்கல் அந்தப் பாறை விளிம்புதான். பக்கத்து மனை எல்லையிலிருந்து நாலு அடி தள்ளினால் போதும் என்று சிறு வீடுகளுக்கு மாநிலச் சட்டம் சொல்வது வேறு கணக்கு. விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ள வேண்டும் என்பது மண் அரிப்பைப் பொறுத்தது. கட்டடம் அதன் ஆயுட்காலம் முழுக்கத் தடுப்புச் சுவர் இல்லாமலே நிற்கும் என்று காட்டச் சொல்வார்கள். அதனால் வரைபடத்துக்குப் பணம் கட்டும் முன் நிலவியல் வல்லுநரைக் கூப்பிடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அப்புறம், இருக்கும் வீட்டுக்குள்ளேயே ஒரு பகுதியைப் பிரித்துக்கொடுக்க முடியுமா? வெளிச்சுவர் நகராவிட்டால் வேலை பெரும்பாலும் சுலபமாகும். பெற்றோருக்கும் நீங்கள் பக்கத்திலேயே இருப்பீர்கள்.