எட்டு மாதப் பெட்ரோல்

கேள்வி: ஜெனரேட்டருக்காக எட்டு மாதங்களுக்கு முன் ஐந்து லிட்டர் பெட்ரோல் வாங்கிக் கேனில் வைத்தேன். மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஜெனரேட்டர் டேங்கிலும் பாதி அப்படியே கிடக்கிறது. இரண்டையும் பயன்படுத்தலாமா?

பதில்: கேனில் இருப்பது தேறலாம். டேங்கில் கிடப்பதை நம்பாதீர்கள், வடித்துவிடுங்கள்.

பெட்ரோல் பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. குளிர்ந்த எஞ்சினில் சட்டென்று பற்றிக்கொள்பவை அவற்றில் இலேசானவைதான். டேங்க் மூடியின் காற்றுத் துளை வழியே முதலில் பறந்துபோவதும் அவையே. மிஞ்சியது ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லப் பிசினாகும். சென்ற வாரம் இதேபோல் கிடந்த ஒரு ஜெனரேட்டரின் கார்புரேட்டரை, அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகத்தை, கழற்றினேன். கிண்ணத்தின் அடியில் பழுப்பாக, வேப்பம்பிசின் போல் ஒட்டியிருந்தது. பெட்ரோல் போகும் நுண்துளையுள்ள ஜெட்டைக் கழுவி, காற்றடித்து, விளக்குக்கு நேரே பிடித்தால் இருட்டுதான். மூன்றாம் முறை கழுவிய பிறகே ஊசிமுனை அளவுக்கு ஒளி தெரிந்தது.

எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கெடும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதும் அடியிலிருந்துதானே! எத்தனால் கலக்காதது, இறுக மூடி வெயில் படாமல் வைத்தால், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தாங்கும். கலந்ததை நான் மூன்று மாதத்துக்கு மேல் வைப்பதில்லை.

கேனில் இருப்பதைத் திறந்த வெளியில் கொஞ்சம் கண்ணாடிக் குப்பியில் ஊற்றிப் பாருங்கள். தேநீர் நிறம், இரண்டு அடுக்கு, வார்னிஷ் வாடை, இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். சாக்கடையிலும் ஊற்றாதீர்கள்; அபாயக் கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள். தெளிவாக இருந்தால் நான்கு பங்கு புதிய பெட்ரோலுக்கு ஒரு பங்கு கலந்து ஓட்டலாம். கெடாமல் காக்கும் திரவத்தை இப்போது ஊற்றிப் பயனில்லை. பெட்ரோல் வாங்கிய அன்றே அதைக் கலந்திருக்க வேண்டும். இனி ஜெனரேட்டரை நிறுத்தி வைக்கும்போது பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டர் காலியாகிவிடும்.

கேனை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லையே, அதுதான் எனக்குக் கவலை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பக்கத்து அறை அடுப்புவரை போகும். உறைபனிக் குளிரிலும் அது தீப்பிடிக்கும். வீட்டுக்குள் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக வெளியே எடுத்து வையுங்கள்.