ரக்பிக்கு விடலாமா? ஒரு தாயின் கடிதம்

அன்புள்ள அண்ணா,

நாங்கள் லண்டனில் ஹரோவில் இருக்கிறோம். மகனுக்கு ஏழு வயது, இயர் 3 படிக்கிறான். வகுப்பு நண்பன் ஒருவன் ஞாயிறு காலையில் ரக்பி கழகத்துக்குப் போகிறான் என்று இவனும் ஒரு மாதமாக நச்சரிக்கிறான். யாழ்ப்பாணத்தில் நாங்கள் பார்த்து வளர்ந்தது கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும்தான். டிவியில் பார்த்தால் மலை மாதிரி ஆட்கள் முட்டி விழுத்துகிறார்கள். "பிள்ளையின்ர கழுத்து முறிஞ்சு போகும்" என்கிறார் மாமி. கணவர் "விடு, பழகட்டும்" என்கிறார். உங்கள் மகன் ரக்பி விளையாடுவதாக முன்பு எழுதியிருந்தீர்கள். நம்பி விடலாமா? ஐந்து வயது மகளும் அண்ணனோடு போகப் போகிறாளாம்.

- ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

விடலாம். ஆனால் இந்த வருடத்துக்கு மட்டும் "சரி" சொல்லுங்கள். அடுத்த செப்டம்பருக்கான முடிவை அப்போது எடுங்கள். ஏனென்றால் உங்கள் மகன் இப்போது விளையாடப் போவதும், நான்காம் வகுப்புக்குப் போனதும் விளையாடப் போவதும் வேறு வேறு ஆட்டங்கள். நம் பெற்றோர் பலர் டிவியில் பார்த்த பெரியவர்களின் ஆட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு மொத்தமாக ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள், அங்கேதான் குழப்பமே தொடங்குகிறது.

இங்கிலாந்தில் ஏழு, எட்டு வயதுக்குட்பட்ட குழுக்களில் டாக்கிள், அதாவது ஆளைப் பிடித்து விழுத்துவது, கிடையாது. டேக் ரக்பிதான். ஒவ்வொரு பிள்ளையும் இடுப்பில் ஒரு பெல்ட் கட்டியிருக்கும், அதில் இரண்டு பக்கமும் இரண்டு துணிப்பட்டிகள் ஒட்டியிருக்கும். பந்தோடு ஓடுகிறவரின் பட்டியை எதிரணிப் பிள்ளை பிடுங்கி "டேக்!" என்று கத்தினால், ஓடியவர் பந்தைத் தன் அணியில் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். தள்ளக்கூடாது, பிடித்து இழுக்கக்கூடாது. உங்கள் மகனின் வயதில் அணிக்கு ஆறு பேர். பார்க்கும்போது உங்களுக்கு ஊரில் விளையாடிய கிளித்தட்டு ஞாபகம் வரும், மறிப்பவரை ஏமாற்றி விலகி ஓடுவதுதான் அதிலும் முழு வித்தை. பந்தை முன்னால் எறியக்கூடாது, பின்னாலோ பக்கத்திலோதான் கொடுக்கலாம் என்பது மட்டும் பிள்ளைகளுக்குப் பிடிபடக் கொஞ்ச நாள் எடுக்கும். எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ட்ரை, அதற்குத்தான் புள்ளி. இவ்வளவு தெரிந்தால் போதும், மற்றதை மகனே வீட்டுக்கு வந்து உங்களுக்குச் சொல்லித் தருவான்.

ஒன்பது வயதுக்குட்பட்ட குழுவில், அதாவது இயர் 4இல், டாக்கிள் தொடங்குகிறது. மாமியின் பயம் அங்கேதான் நியாயமாகிறது. அணிக்கு ஏழு பேர்தான், மைதானமும் சிறியது, ஆனால் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைப் பிடித்து விழுத்தும். 2023-24 பருவத்திலிருந்து இங்கிலாந்தின் கழக, பள்ளி ரக்பியில் நெஞ்செலும்பின் அடிப்பகுதிக்குக் கீழேதான் பிடிக்கலாம் என்று விதியை மாற்றியிருக்கிறார்கள், தலையோடு தலை மோதுவதைக் குறைப்பதற்காக. நல்ல மாற்றம். ஆனாலும் ஆபத்து இல்லாமல் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். 2016இல் எழுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களும் ஆய்வாளர்களும் பள்ளி ரக்பியில் டாக்கிளையே நிறுத்த வேண்டும் என்று அரசுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரிகள் அதை ஏற்கவில்லை, ஓடியாடி விளையாடுவதால் வரும் நன்மையைப் பெரிதாகப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் பொறுப்பானவர்கள்தான். நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் நான் குறை சொல்ல மாட்டேன். டேக் மட்டும் விளையாடிவிட்டு நிறுத்திய பிள்ளைகளும் உண்டு, அவர்கள் எதையும் இழந்துவிடவில்லை.

எலும்பு முறிவை விட எனக்குப் பயம் மூளையதிர்ச்சி. 2011 ஜனவரியில் வட அயர்லாந்தில் பென் ராபின்சன் என்ற பதினாலு வயதுப் பையன் பள்ளி ரக்பிப் போட்டியில் தலையில் அடிபட்டான். அதன் பிறகும் தொடர்ந்து விளையாடினான், மறுபடியும் அடிபட்டான், கடைசியில் மயங்கி விழுந்து இறந்துபோனான். முதல் அடியிலிருந்து மூளை தேறுவதற்குள் விழுந்த அடுத்த அடிதான் காரணம் என்று பின்னர் நடந்த மரண விசாரணையில் தெரியவந்தது. அந்தப் பெற்றோர் அதோடு முடங்கிவிடாமல் ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் இது தெரிய வேண்டும் என்று வருடக்கணக்காகப் போராடினார்கள். 2023இல் பிரித்தானியா முழுவதற்கும் எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவான வழிகாட்டல் ஒன்று வந்தது. அதன் சாரம் எளிமையானது: சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடு, அன்று திரும்ப இறக்காதே. அடுத்த ஓரிரு நாள் ஓய்வு, ஃபோனும் டிவியும் குறைவாக. போட்டிக்குத் திரும்ப ஆகக் குறைந்தது 21 நாள்.

இதில் நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியது, மூளையதிர்ச்சிக்கு மயங்கி விழத் தேவையில்லை. தலையிடி, தலைசுற்று, தள்ளாட்டம், கேட்டதையே திரும்பக் கேட்பது, காரணமில்லாத அழுகை, சும்மா வெறித்துப் பார்ப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். பயிற்சியாளருக்கு இருபது பிள்ளைகள், உங்களுக்கு ஒன்று. அவனுடைய வழக்கமான முகம் உங்களுக்குத்தான் தெரியும். வித்தியாசமாகத் தெரிந்தால் வெட்கப்படாமல் போய்ச் சொல்லுங்கள், "என்ர பிள்ளை சரியில்லை, வெளியே எடுங்கோ" என்று. மருத்துவ ஆலோசனை எண் 111க்கு அழைத்துக் கேளுங்கள். வாந்தி தொடர்ந்தாலோ தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாவிட்டாலோ யோசிக்கவே வேண்டாம், அவசர எண் 999தான்.

அதனால் முதல் ஞாயிறு பிள்ளையை இறக்கிவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். நின்று பாருங்கள். முதலுதவி தெரிந்தவர் யார், தலையில் அடிபட்டால் என்ன செய்வீர்கள் என்று நேராகக் கேளுங்கள். நல்ல கழகமாக இருந்தால் கேட்டதற்காகச் சந்தோஷப்பட்டு விளக்குவார்கள். சிரித்து மழுப்பினால் வேறு கழகம் பாருங்கள். திறமையில்லாத பிள்ளை எவ்வளவு நேரம் விளையாடுகிறது என்றும் கவனியுங்கள். இந்த வயதில் ஒவ்வொருவருக்கும் ஆட்டத்தில் பாதி நேரமாவது கிடைக்க வேண்டும் என்பது விதி, பயிற்சியாளரின் தயவு அல்ல. கோட்டருகே நிற்கும் பெற்றோரையும் பாருங்கள். நடுவரைத் திட்டுவது, சொந்தப் பிள்ளையைப் பார்த்து "ஓடு, ஓடு, என்னடா செய்யிறாய்" என்று கத்துவது எல்லாம் எனக்கு அறவே பிடிக்காது. குளிரில் நடுங்கிக்கொண்டு விளையாடும் ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சத்தம் தண்டனை.

அப்புறம், ரக்பி நம் ஊருக்கு அந்நியம் என்பது முழுக்கச் சரியில்லை. கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியில் 1891இலேயே தொடங்கிவிட்டார்கள். கொழும்பு ரோயலும் கண்டி ட்ரினிட்டியும் 1945இலிருந்து பிராட்பி கேடயத்துக்கு மோதுகின்றன, அங்கே அது திருவிழா. வடக்கில் வளர்ந்த நமக்கு அது எட்டவில்லை, அவ்வளவுதான்.

மகள் விஷயம். போட்டி இயர் 2இலிருந்துதான், ஆனால் பல கழகங்களில் அதற்கும் சின்னவர்களைப் பந்தோடு ஓடி விளையாட விடுவார்கள், கேட்டுப் பாருங்கள். பதினொரு வயதுக்குட்பட்ட குழு வரை ஆணும் பெண்ணும் ஒரே அணியில் விளையாடலாம், ஆகவே அண்ணன் போகும் கழகத்துக்கே அவளும் போகலாம். சப்பாத்துக்குப் புதிதாகக் காசு செலவழிக்காதீர்கள், உதைபந்தாட்ட பூட்ஸ் இப்போதைக்குப் போதும், அடியில் கூர் இல்லாமல் இருந்தால் சரி. பல இடங்களில் முதல் சில வாரம் காசு வாங்காமல் பழக விடுவார்கள். மழைக்காகப் பயிற்சியை நிறுத்த மாட்டார்கள். மாற்று உடுப்பு, துவாய், காருக்குள் விரிக்க ஒரு பழைய துணி கொண்டுபோங்கள். மாமியையும் ஒரு ஞாயிறு கூட்டிக்கொண்டு போங்கள், டேக் பட்டிகளை அவரே கண்ணால் பார்க்கட்டும்.

அன்புடன்,
அண்ணா