எதனோடு ஒப்பிட்டு?

வாசகர் கேள்வி – பதில்

கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கு, உயிரியல் சோதனைகளை எப்படி அமைப்பது என்பதைப் பற்றியே கேட்கின்றன. ஒன்றுக்கு எழுதும் விடை மற்றதற்கும் உதவும் என்பதால் நான்கையும் இங்கே சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் வீடு தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அருகில் இருக்கிறது. உப்பு நீர் பச்சைப்பயறு முளைப்பதைப் பாதிக்குமா என்பதை ஆய்வாக எடுத்துக்கொண்டு, ஒரு கிண்ணத்தில் 20 பயறுகளைப் போட்டு உப்பு நீர் ஊற்றினேன். 7 மட்டும் முளைத்தன. "உன் கருதுகோள் என்ன, மாறிகள் எவை, கன்ட்ரோல் எங்கே?" என்று ஆசிரியை கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. – பதினொன்றாம் வகுப்பு மாணவி, கடலூர்

பதில்: பயறுகளை எண்ணிப் போட்டு, முளைத்தவற்றையும் எண்ணிப் பார்த்திருக்கிறீர்கள், அது நல்ல தொடக்கம். ஆனால் அந்த 7 என்பது குறைவா, அதிகமா என்பதை ஒரே ஒரு கிண்ணத்தால் சொல்ல இயலாது. கடையில் வாங்கிய பயறு பழையதாக இருந்து, நல்ல தண்ணீரிலும் 8 மட்டுமே முளைத்திருக்கும் என்றால் உப்பின் மேல் பழி போட இடமே இல்லை. நல்ல தண்ணீரில் 19 முளைத்திருந்தால் உப்பைச் சந்தேகிக்கக் காரணம் உண்டு. ஆசிரியை கேட்ட கன்ட்ரோல் இதுதான்: உப்பைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் உங்கள் கிண்ணத்தை ஒத்திருக்கும் இன்னொரு கிண்ணம். தமிழில் இதைக் கட்டுப்பாட்டுக் குழு என்று எழுதுகிறோம். ஒப்பீட்டுக் குழு என்ற பெயரே இதன் வேலையைத் தெளிவாகச் சொல்கிறது என்பது என் எண்ணம்.

சோதனையில் மாறக்கூடிய எதுவும் மாறிதான். அவற்றுள் நாம் வேண்டுமென்றே மாற்றுவது சாரா மாறி. உங்கள் சோதனையில் அது நீரிலுள்ள உப்பின் அளவு. அப்படி மாற்றியதால் என்ன நேர்கிறது என்று நாம் அளந்து பார்ப்பது சார்ந்த மாறி. இங்கே அது முளைத்த பயறுகளின் எண்ணிக்கை. நீரின் அளவு, கிண்ணம், துணி, வெளிச்சம், வைக்கும் இடம் ஆகிய மற்றவற்றை எல்லாக் கிண்ணங்களுக்கும் ஒரே மாதிரியாகப் பிடித்து வைக்க வேண்டும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். ஒரே பொட்டலத்துப் பயறைத் தண்ணீரில் கொட்டி, மிதப்பவற்றை நீக்கிவிடுங்கள். ஒரு லிட்டர் நீருக்கு 0, 4, 8, 16 கிராம் என்று உப்பைக் கரைத்து நான்கு வகை நீரைத் தயாரித்துக்கொள்ளுங்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருப்பதால் இந்த அளவுகள் எல்லாம் கடலைவிடக் குறைந்தவையே. உப்பைக் கரைக்கும் தண்ணீரும் கன்ட்ரோல் கிண்ணத்துக்கு ஊற்றும் தண்ணீரும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கடலோரத்து ஆழ்துளைக் கிணற்று நீர் ஏற்கெனவே கரிப்பாக இருக்கக்கூடும் என்பதை அங்கே வசிக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டுத் தண்ணீர் அப்படிப்பட்டதென்றால் மழைநீரையோ காய்ச்சி வடித்த நீரையோ பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் 0 என்று நீங்கள் எழுதும் கிண்ணம் உண்மையில் 0 ஆக இராது.

ஒவ்வொரு வகை நீருக்கும் மூன்று கிண்ணங்கள், கிண்ணத்துக்கு 20 பயறுகள் என்று வையுங்கள். ஒரே கிண்ணத்தை நம்பினால், அதில் பூஞ்சை பிடித்தாலோ எறும்பு புகுந்தாலோ அதை உப்பின் விளைவு என்று எண்ணிவிடுவோம். 'முளைத்தது' என்பதற்கு என்ன பொருள் என்பதையும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 48 மணி நேரம் கழித்துத் துணியைப் பிரித்துப் பார்த்தால், தோல் வெடித்து வெள்ளை முனை சற்றே தலைகாட்டும் பயறுகள் சில கட்டாயம் இருக்கும். அவற்றைச் சேர்ப்பதா விடுவதா என்று அந்த நேரத்தில் யோசித்தால், கை தானாகவே நமக்குப் பிடித்த விடையின் பக்கம் சாயும். முளைவேர் 2 மில்லிமீட்டராவது வெளியே வந்திருந்தால் மட்டுமே கணக்கு என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டால் இந்தத் தடுமாற்றம் இராது.

கருதுகோளை இப்படி எழுதலாம்: "நீரில் உப்பு கூடக் கூட, 48 மணி நேரத்தில் முளைக்கும் பயறுகளின் எண்ணிக்கை குறையும், ஏனெனில் வெளியே உப்பு மிகுந்திருக்கும்போது விதை நீரை உறிஞ்சுவது தடைப்படும்." இதன் முற்பகுதி எண்ணிப் பார்த்து மறுக்கக்கூடியது, 16 கிராம் கிண்ணத்திலும் 0 கிராம் கிண்ணத்திலும் ஒரே அளவு முளைத்தால் கருதுகோள் விழுந்துவிடும். பிற்பகுதி ஒரு காரணத்தைச் சொல்கிறது. அதையும் தனியே சோதிக்கலாம். ஊறப்போட்ட 6 மணி நேரத்தில் பயறுகளை எடுத்து, ஈரத்தை ஒற்றிவிட்டு எடை பாருங்கள். உப்பு நீரில் ஊறியவை நல்ல நீரில் ஊறியவற்றுக்கு நிகராகவே எடை கூடியிருந்தும் முளைக்கவில்லை என்றால், நீர் நுழையாததுதான் காரணம் என்று சொல்ல முடியாது. உப்பின் அயனிகளே முளைக்கருவைத் தாக்குகின்றனவா என்ற அடுத்த கேள்வி அங்கே பிறக்கும். உங்கள் ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

கேள்வி: கட்டுப்படுத்தப்பட்ட மாறி, கட்டுப்பாட்டுக் குழு ஆகிய இரண்டையும் மாணவர்கள் ஒன்றாகவே எழுதுகிறார்கள். எளிதாக வேறுபடுத்திக் காட்ட வழி உண்டா? – உயிரியல் ஆசிரியை, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்பது எல்லாக் குழுக்களிலும் மாறாமல் வைத்திருக்கும் ஒரு நிலை, கட்டுப்பாட்டுக் குழு என்பது ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் ஒரு முழுத் தொகுதி. முன்னதைக் கையால் தொட்டுக் காட்ட முடியாது, பின்னதைக் காட்ட முடியும் என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள்.

இதைக் கற்பிக்க மோலின் அரை இலைச் சோதனையைவிடச் சிறந்த இடம் இல்லை என்பது என் அனுபவம். செடியை இருட்டில் வைத்து இலையிலுள்ள ஸ்டார்ச்சை நீக்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் உள்ள அகன்ற வாய்ப் பாட்டிலுக்குள் இலையின் பாதியைச் செருகி, வெயிலில் வைக்கிறோம். பின்பு இலையின் பச்சையத்தை ஆல்கஹாலில் நீக்கி அயோடின் கரைசலை விட்டால், வெளியே இருந்த பாதி கருநீலமாகிறது, உள்ளே இருந்த பாதி ஆவதில்லை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிட்டதால் ஒளிச்சேர்க்கை நிகழவில்லை என்று எழுதி முடிக்கிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் இதைச் செய்து காட்டியபோது, பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "பாட்டிலுக்குள் புழுக்கமாக இருக்குமே ஐயா, அதனால் இருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். அவள் கேட்டது முற்றிலும் சரி. வெளியே உள்ள பாதிக்கும் உள்ளே உள்ள பாதிக்கும் வேறுபாடு ஒன்றன்று: கார்பன் டை ஆக்சைடு ஒன்று, கண்ணாடிக்குள் அடைபட்டிருப்பதால் வரும் வெப்பமும் ஈரமும் இன்னொன்று. எனவே அதே செடியில் இன்னோர் இலையை, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இல்லாத அதே மாதிரிப் பாட்டிலில் செருகி வைத்தால்தான் பாட்டிலின் பங்கு தெரியும். அதிலும் வெறும் நீருக்குப் பதிலாகச் சமையல் சோடாக் கரைசலை ஊற்றுவது நல்லது. மூடிய பாட்டிலில் உள்ள சிறிதளவு கார்பன் டை ஆக்சைடு விரைவில் தீர்ந்துபோகும், சோடாக் கரைசல் அதை ஈடுசெய்யும். இந்தப் பாட்டிலுக்குள் இருந்த பாதியும் கருநீலமானால் புழுக்கம் காரணமன்று என்று துணிந்து சொல்லலாம்.

அயோடினையும் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வடிகஞ்சியில் ஒரு சொட்டு விட்டால் கருநீலமாக வேண்டும். வெறும் நீரில் விட்டால் ஆகக் கூடாது. கஞ்சியிலேயே நிறம் வரவில்லை என்றால் கரைசல் கெட்டிருக்கிறது, இலையைக் குறை சொல்லிப் பயனில்லை. நேர்க் கட்டுப்பாடு, எதிர்க் கட்டுப்பாடு என்று உயர் வகுப்புகளில் படிப்பவை இந்த இரண்டு சொட்டுகள்தாம்.

கேள்வி: மிளகாய்ச் செடிக்குப் பஞ்சகவ்யா தெளித்தேன், சென்ற ஆண்டைவிடக் காய்ப்பு நன்றாக இருந்தது. இது நிரூபணம் ஆகாது என்கிறான் வேளாண்மை படிக்கும் என் மகன். கண்ணால் கண்டதற்கு மேல் என்ன வேண்டும்? – விவசாயி, குறிஞ்சிப்பாடி

பதில்: நீங்கள் கண்டது உண்மை, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சென்ற ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் இடையே மழையும் நாற்றும் பூச்சியின் தாக்குதலும் மாறியிருக்கும். உங்கள் மகன் கேட்பது, இதே ஆண்டில், இதே நிலத்தில், தெளிக்காமல் விட்ட பாத்திகள் எப்படி இருந்தன என்பதை மட்டுமே.

அடுத்த பட்டத்தில் பன்னிரண்டு பாத்திகளை ஒதுக்குங்கள். ஆறுக்குப் பஞ்சகவ்யா, 100 லிட்டர் நீருக்கு 3 லிட்டர் என்ற வழக்கமான அளவில். மற்ற ஆறுக்கும் அதே நாளில், அதே அளவு வெறும் நீர். தெளிக்கும் நீரே வாடிய செடிக்குத் தெம்பு தரும் என்பதால் அந்த ஆறையும் நனைக்காமல் விடக் கூடாது. எந்தப் பாத்திக்கு எது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்காமல் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள். வாய்க்கால் ஓரத்துப் பாத்தி எப்போதும் செழிப்பாக இருக்கும். நம் கை அறியாமலே நல்ல பாத்திக்கு நல்ல மருந்தைக் கொடுத்துவிடும். வயல்வெளிச் சோதனைகளுக்கு இந்தக் குலுக்கல் முறையை அடிப்படையாக்கியவர் ரொனால்ட் ஃபிஷர். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919-இல் பணியில் சேர்ந்த அவர், ஒரே வயலுக்குள் மண் இடத்துக்கு இடம் மாறுவதை எப்படிச் சமாளிப்பது என்ற கேள்வியிலிருந்துதான் இதற்கு வந்து சேர்ந்தார். 'பாலூர் 1' பலாவைத் தந்த பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. மகனையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் போய், அங்கே பாத்திகளை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நொச்சி இலைப் புகை கொசுவை விரட்டும் என்பது என் மகனின் கருதுகோள். ஓர் அறையில் புகை போட்டு, இன்னோர் அறையைச் சும்மா விட்டு, விடியற்காலையில் சுவரில் உட்கார்ந்திருந்த கொசுக்களை டார்ச் அடித்து எண்ணினான். புகை போட்ட அறையில் 14, மற்றதில் 13. கண்காட்சிக்கு வழிகாட்டும் ஒருவர், 14-ஐ 4 என்று மாற்றிவிடலாம் என்கிறார். என்ன செய்வது? – ஒரு தந்தை, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: மாற்றக் கூடாது. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. அந்த 14 உங்கள் மகன் தூக்கம் விட்டு எழுந்து எண்ணிய எண். கருதுகோள் பொய்த்தால் சோதனை தோற்றதாகாது. முன்பு தெரியாத ஒன்று இப்போது தெரிந்திருக்கிறது.

கொசு ஆய்வின் வரலாறே இதற்குச் சான்று. மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் தேடிய ரொனால்ட் ராஸ், 1895 முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பொருந்தாத கொசு வகைகளையே அறுத்துப் பார்த்து ஏமாந்தார். கிடைக்கவில்லை என்பதை அப்படியே குறித்து வைத்ததால்தான் வேறு வகையை நாடி, 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் அனோபிலஸ் கொசுவின் வயிற்றில் அதைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவை மலேரியாவை ஆராய்ந்தபோது, நோயுற்ற குருவிகளைக் கடித்த கொசுக்களோடு, கிருமி இல்லாத குருவியைக் கடித்த கொசுக்களையும் அறுத்துப் பார்த்தார். பின்னவற்றில் கிருமி இல்லை. அந்த வெறும் வயிறுகள்தாம் மற்றவற்றில் கண்டதற்குப் பொருள் தந்தன. கொசு முதலான நோய் பரப்பிகளை ஆராய்வதற்கென்றே 1975-இல் தொடங்கப்பட்ட மையம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அங்கும் இதே ஒப்பீடுதான் அன்றாட வேலை.

மகனின் சோதனையில் திருத்த வேண்டியவை உண்டு. ஓர் அறையில் புகை, மற்றதில் ஒன்றுமில்லை என்றால், 14-க்குப் பதிலாக 4 என்றே வந்திருந்தாலும் விரட்டியது நொச்சியா, வெறும் புகையா என்று தெரிந்திருக்காது. எனவே மற்ற அறையில் அதே எடையுள்ள வைக்கோலையோ தேங்காய் நாரையோ புகைக்க வேண்டும். எந்த அறையில் எது என்று அறியாத ஒருவர் எண்ணுவது நல்லது. வீட்டில் அக்காவோ தங்கையோ இருந்தால் அந்த வேலையைக் கொடுங்கள். அறைகளும் ஒன்றுபோல இரா: ஒன்றின் சன்னல் சாக்கடைப் பக்கம் இருக்கலாம், ஒன்றில் துணிகள் தொங்கலாம். ஓர் இரவின் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். 14, 13 என்ற எண்களைத் தேதியோடு நோட்டில் அப்படியே எழுதச் சொல்லுங்கள். அடுத்த இரவு நொச்சியை இந்த அறையிலும் வைக்கோலை அந்த அறையிலுமாக மாற்றிப் போட்டு, இப்படியே பத்து இரவுகள் எண்ணட்டும்.