மண்புழுவும் மாட்டு லாரியும்

கேள்வி: ஐயா, எனக்கு வேலந்தாவளம் பக்கத்தில் தென்னந்தோப்பு, கீழே கொஞ்சம் வயல், ரெண்டு கறவை. எங்கள் ஊர் நகைக்கடை சேட்டு சமணர், அவர் வீட்டில் உருளைக்கிழங்கு, வெங்காயம்கூட வாங்குவதில்லை. "உழவு ஓட்டினா எத்தனை புழு சாகும் தெரியுமா?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டது மனசில் தைத்துவிட்டது. விவசாயிக்கு அகிம்சை கொடுத்து வைக்கவில்லையா?
- வாசகர், வேலந்தாவளம்

பதில்: நான் பிறந்ததே ஏர்மாடு கட்டிய நயினார் வீட்டில், அதாவது தமிழ்ச் சமணர் வீட்டில்தான். வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள் தலைமுறை தலைமுறையாக நெல்லும் மல்லாட்டையும் (நிலக்கடலை) போட்டுப் பிழைத்தவர்கள். உழவன் சமணனாக இருக்க முடியாதென்றால் எங்கள் கோயில்களில் விளக்கேற்ற ஆள் இருந்திருக்காது.

துறவிக்கு மகாவிரதம், அதாவது முழு விரதம்; அவர் அடுப்பே மூட்டக்கூடாது. இல்லறத்தானுக்கு அணுவிரதம், அதாவது சிறு விரதம். கொல்ல வேண்டுமென்று நினைத்துக் கொல்வதை அவன் அறவே விட வேண்டும். சமையலிலும் தொழிலிலும் தற்காப்பிலும் நேர்வதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அதில் பாவமே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வினைக்கணக்கில் ஏறத்தான் செய்யும். ஆனால் கவனமில்லாமல் செய்வதுதான் பெரிய குற்றம்.

எங்கள் ஆயா கிணற்றுத் தண்ணீரை இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டுவார். அத்தோடு விட மாட்டார். துணியைத் திருப்பிப் பிடித்து, வடிகட்டிய நீரையே ஊற்றி அலசி, அந்த அலசலைச் சின்னச் சொம்பில் பிடித்து, கயிறு கட்டி அதே கிணற்றில் நீர்மட்டம் வரை இறக்கிக் கவிழ்ப்பார். மேலிருந்து வீசினால் கண்ணுக்குத் தெரியாத அந்த உயிர்கள் அடி தாங்காதாம். வேறு கிணற்றில் விட்டால் அந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதாம்.

உங்கள் தோப்புக்கு வருகிறேன். எருக்குழியைக் கிளறாமல் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் காண்டாமிருக வண்டு அதில்தான் பெருகும். அப்புறம் மருந்தோடு அலைய வேண்டும். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் வையுங்கள். பச்சை மட்டையை ஒட்ட வெட்டாதீர்கள், அந்தக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். வர விட்டுக் கொல்வதைவிட வர விடாமல் பார்ப்பது மேல்.

மண்புழுவைவிட எனக்கு உங்கள் கறவைகள்தான் முக்கியம். இல்லறத்தானின் கொல்லாமை விரதத்துக்கு ஐந்து மீறல்கள் சொல்லியிருக்கிறது: கட்டிப்போடுவது, அடிப்பது, உறுப்பைச் சிதைப்பது, தாங்காத பாரம் ஏற்றுவது, தீனி தண்ணீரைத் தடுப்பது. மாட்டுக்கொட்டிலில் உட்கார்ந்து எழுதியது போல இல்லை? உங்கள் கேரள எல்லைச் செக்போஸ்ட்டைத் தாண்டிப் போகும் அடிமாட்டு லாரியைப் பாருங்கள், ஐந்தும் ஒரே வண்டியில் போகும். பால் வற்றியதும் கயிற்றைத் தரகர் கையில் கொடுத்துவிட்டு மண்புழுவுக்குக் கண்ணீர் விடுவது எனக்கு ஒப்பாது.

அந்த ஐந்தாவது மீறல், தீனி தண்ணீரைத் தடுப்பது, மனிதர் விஷயத்திலும் உண்டு. அடுத்த தடவை சேட்டைப் பார்த்தால், கடைப்பையன் மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறான் என்று நீங்களும் சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

கேள்வி: பாலக்காடு ஜைனமேடு கோயிலுக்குப் போயிருந்தோம். பொழுது சாய்ந்தால் சமணர்கள் சாப்பிட மாட்டார்கள் என்றார்கள். விளக்கில் பூச்சி விழும் காலத்துக்கு அது சரி. இப்போதுதான் கரண்ட் இருக்கிறதே?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: சந்திரப்பிரபர் கோயிலைப் பார்த்தீர்களா, நல்லது. சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்களில் எட்டாமவர் அவர். கரண்ட் வந்ததால் பூச்சி குறைந்துவிட்டது என்று உங்களுக்கு யார் சொன்னது? மழை விட்ட ராத்திரி, டியூப்லைட்டுக்கு நேர்கீழே சாம்பார்ச் சட்டியைக் கால்மணி நேரம் திறந்து வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.